பூட்டிய அறையில் வேகும் சர்வர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

வெயிலைப் பற்றித் தினமும் எழுதுகிறீர்கள், அலுவலகங்களில் பூட்டிக் கிடக்கும் சர்வர் (எல்லாக் கணினிகளுக்கும் பொதுவாகத் தகவலைச் சேமித்துத் தரும் கணினி) அறையைப் பற்றியும் கொஞ்சம் எழுதுங்கள். ஈரோட்டில் நான் கணக்கு பார்க்கும் நிறுவனத்தில் போன மே மாதம் ஒரு ஞாயிறு கரண்ட் போய் வந்தது. சர்வர் யுபிஎஸ்ஸில் ஓடிக்கொண்டே இருந்தது, ஏசி மட்டும் தானாக ஆன் ஆகவில்லை. திங்கள் காலை கதவைத் திறந்தால் முகத்தில் அனல் அடிக்கிறது, சர்வரை அடுக்கி வைக்கும் இரும்பு ரேக்கைத் தொட முடியவில்லை, இரண்டு ஹார்ட் டிஸ்க் போயே போய்விட்டது.

சர்வர் இழுக்கும் மின்சாரம் அத்தனையும் கடைசியில் சூடாகத்தான் வெளியே வரும். உள்ளே போகும் காற்று 18 முதல் 27 டிகிரிக்குள் இருப்பது நல்லது என்கிறது குளிரூட்டல் பொறியாளர்களின் ஆஷ்ரே அமைப்பு. 2022 ஜூலை 19 அன்று லண்டன் 40 டிகிரியைத் தொட்டபோது அங்கிருந்த கூகுள், ஆரக்கிள் நிறுவனங்களின் டேட்டா சென்டர்களிலேயே (பெரிய சர்வர் கூடங்கள்) குளிரூட்டல் தடுமாறியது என்றால் நம் ஊர் ஒற்றை ஏசி எம்மாத்திரம்?

கரண்ட் வந்ததும் தானே ஓடும் ஏசி, மாற்றுக்கு இன்னொன்று, சூடு ஏறினால் செல்போனுக்குத் தகவல் அனுப்பும் சென்சார், இவ்வளவுதான் கேட்கிறேன். அப்புறம், ரேக் முன்னால் அட்டைப்பெட்டி அடுக்குவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள், முதலாளிகளே.

ஒரு வாசகர், ஈரோடு