தம்பியிட்ட உள்ளதைச் சொல்லு

அன்பு மகனுக்கு,

நேற்று இரவு சின்னவன் பக்கத்தில வந்து இருந்து, "நானும் அவுஸ்திரேலியாவுக்கு அண்ணாட்ட போகப்போறன் அம்மா" எண்டான். ஆரோ ஏஜென்சிக்காரன் கதைச்சிருக்கிறான், வள்ளம் ரெடியாம்.

நீ கடற்கரையில சிரிச்சுக்கொண்டு நிக்கிற படங்களைப் பாத்துத்தான் அவனுக்கு இந்த ஆசை. அங்கயிருந்து வெளிக்கிட்டால் திரும்ப உள்ளுக்கு விடாங்கள் எண்டு, அப்பாவின்ர செத்தவீட்டை நீ போனிலதானே பாத்தனி. மூத்தவன் வைக்கவேண்டிய கொள்ளியை வைச்சவன் அவன். அதையும் மறந்திட்டான்.

1990இல நானும் இலங்கையில இருந்து வள்ளம் ஏறித் தமிழ்நாட்டுக்கு அகதியா வந்தவள்தான். அவனை ஏறாதை எண்டு சொல்ல எனக்கு வாய் வரேல்லை. இங்க பிறந்தும் நீங்கள் ரெண்டு பேரும் இந்தியர் இல்லை. 1987 ஜூலைக்குப் பிறகு பிறந்தால் தாய் தகப்பனில ஒருத்தராவது இந்தியராய் இருக்கவேணுமாம். 2019இல பாகிஸ்தான், வங்காளதேசம், ஆப்கானிஸ்தானில இருந்து வந்த இந்துக்களுக்குக் குடியுரிமைக்கு வழி விட்டாங்கள். நாங்களும் அதே சாமியைத்தான் கும்பிடுறம், எங்களை விட்டிட்டாங்கள். எந்த நாடும் எங்கட இல்லை எண்ட அந்தரத்திலதானே ராசா நீயும் 2013இல கடலில இறங்கினனி.

ஜூலை 19க்கு முந்திப் போய்ச் சேர்ந்தபடியால் வள்ளத்தில வந்தவையை அடைச்சு வைச்ச நவுரு, மானுஸ் தீவுகளுக்குப் போகாமல் தப்பினாய். ஆனா 2023இல தற்காலிக விசாவில இருந்த 19,000 பேருக்கு நிரந்தர விசாவுக்கு வழி திறந்தபோது, முந்தியே மறுத்த கேஸ் எண்டு உன்னை வெளியில விட்டாங்கள். அதுக்கு முதல் வருசம் உக்ரைன் சனத்துக்கு மூண்டு வருச விசா, வேலை, வைத்தியம் எல்லாம் கெதியாக் குடுத்தது எண்டு நீதான் சொன்னனி. குடுத்தது சரி மகன். குண்டுக்குப் பயந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடின தாயை எனக்குத் தெரியும். அதே பயத்தில ஓடின எங்கட பிள்ளைகளுக்கு மட்டும் ஏன் பன்னிரண்டு வருசத்துக்கு மேலா, அடிக்கடி முடியிற தற்காலிகப் பிரிட்ஜிங் விசா?

2021இல கனடாவுக்கெண்டு வெளிக்கிட்ட எங்கட சனம் இந்து சமுத்திரத்தில பிரிட்டன்காரன் வைச்சிருந்த டியாகோ கார்சியாத் தீவில எலி ஓடுற கூடாரத்துக்குள்ள மூண்டு வருசம் கிடந்ததுகள். அடைச்சு வைச்சது சட்டவிரோதம் எண்டு கோர்ட் சொல்ல 2024 டிசம்பர் ஆச்சுது. இதைச் சின்னவனுக்கும் சொன்னனான். "அது வேற ரூட்" எண்டுறான்.

நான் சொன்னால் தாயின்ர பயம் எண்டுதான் எடுப்பான். நீ சொல்லு. விசா முடியிற கிழமை உனக்கு நித்திரை வராதே, அதைச் சொல்லு. வேலை பறிபோன மாசம் என்னத்தைச் சாப்பிட்டனீ எண்டு எனக்கே நீ இன்னும் சொல்லேல்லை, அதையும் சொல்லு. அவனுக்கு முன்னால அழுதாலும் பரவாயில்லை.

ஞாயிற்றுக்கிழமை முகாமில ஆள்கணக்கு எடுக்கிற செக்கிங் முடிஞ்சு பத்து மணிக்கு அவன் வீட்டில நிப்பான். மறக்காமல் எடு.

அம்மா