ஷூபர்ட்டை மறந்துவிட்டீர்களே!

ஆசிரியர் அவர்களுக்கு,

தனிப் பியானோவுக்கென எழுதப்பட்டவற்றுள் தலைசிறந்தது எது என்ற உங்கள் இதழின் கேள்விக்குப் பலரும் பீத்தோவனின் 'ஹாமர்கிளாவியர்' சொனாட்டாவையே (பல பகுதிகள் கொண்ட வாத்திய இசைப்படைப்பு) சொல்கிறார்கள். அதன் கடினத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் விரல் வேகம் மட்டும் அளவுகோலாகுமா?

என் தெரிவு, ஆஸ்திரிய இசையமைப்பாளர் ஷூபர்ட் 1828இல், இறப்பதற்குச் சுமார் இரண்டு மாதங்களுக்கு முன் எழுதி முடித்த பி-பிளாட் சொனாட்டா. சாந்தமாகத் தொடங்கும் மெட்டு முடிகிற இடத்தில் இடக்கை அடிச்சுரத்தில் மெல்ல அதிரும், பிறகு மௌனம். கடற்காற்றில் கம்பி துருவேறிய எங்கள் பழைய பியானோவில் அக்கா அதை வாசிக்கும்போது, தூரத்தில் அலை இரைவதுபோலவே கேட்கும். அந்த மௌனத்தை அவர் ஒருநாளும் அவசரப்படுத்தியதில்லை.

இசையமைப்பாளர் பாக்கின் 'கோல்ட்பர்க்' இசைப்படைப்பு, பியானோவுக்கு முந்தைய விசைப்பலகை வாத்தியமான ஹார்ப்சிகோர்டுக்கென எழுதப்பட்டது. அதைப் பியானோ படைப்புகளின் பட்டியலில் சேர்க்க எனக்கு மனமில்லை.

ஷூபர்ட்டை ஒருமுறை முழுதாக, சுமார் 40 நிமிடமும் கேட்டுவிட்டு வாசகர்கள் எழுதட்டும்.

வாசகர் ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு