‘வார்னிஷ் காயுது’

அன்புள்ள மருமகனுக்கு,

மாமா எழுதுகிறேன். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். போனில் என்றால் நீ "சரி மாமா, சரி மாமா" என்று சொல்லியே பேச்சை முடித்துவிடுவாய். எனக்கும் பாதியில் மூச்சு வாங்கும். நாலு பேர் வாசிக்கிற மாதிரி எழுதட்டுமா என்று கேட்டதற்கு, "என் பேரும் கடைப் பேரும் வராம எழுதுங்க" என்றாய். வராது.

போன மாதம் உன் கடையில் அரை நாள் உட்கார்ந்திருந்தேன். ரொம்பச் சந்தோஷமாக இருந்தது. ஒரு காலத்தில் அடுத்தவர் பட்டறையில் எரிந்த காயிலைப் பிடுங்கிக்கொண்டிருந்த பையன், இன்றைக்குச் சொந்தமாக மோட்டார் காயில் கட்டுகிற கடை வைத்து மூன்று பேருக்கு வேலையும் கொடுக்கிறான். கல்லாவுக்கு மேலே "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்" என்று நீல எழுத்தில் பலகை. காலை ஐந்தரைக்கெல்லாம் உன் வாட்ஸப் ஸ்டேட்டஸில் வசனம் வந்துவிடுகிறது. சபையில் வாலிபர் ஐக்கியச் செயலாளர் வேறு. உன் அம்மைக்குக் கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை என்றால் ஏன் நிற்கவில்லை என்று எனக்குத் தெரியும்.

பதினோரு மணி இருக்கும், ஒரு போன் வந்தது. உப்பளத்துக்காரர். நீ எடுத்து, "அண்ணாச்சி, ஸ்தோத்திரம். கட்டி முடிச்சாச்சு. வார்னிஷ் காயுது. சாயங்காலம் வாங்க" என்று சொல்லி வைத்துவிட்டாய். அந்த மோட்டார் என் காலுக்குப் பக்கத்தில்தான் கிடந்தது. ஐந்து ஹெச்பி. மூடியைக்கூடக் கழற்றவில்லை. காயில் கட்டி முடித்த பிறகு கடைசியாக அடிப்பதுதான் வார்னிஷ். உப்புப் பொருக்கு அதன்மேல் வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருந்தது. நான் உன்னைப் பார்த்தேன். நீ சிரித்துக்கொண்டே, "தொழில்ல இதெல்லாம் சகஜம் மாமா. இன்னும் திறக்கலைன்னா வேற கடைக்குத் தூக்கிட்டுப் போயிருவாரு" என்றாய்.

சாயங்காலம் அவர் வந்தார். பழைய டிவிஎஸ் எக்ஸெல். மோட்டாரை வைத்துக் கட்ட ஒரு கயிறும் கொண்டுவந்திருந்தார். "கரண்டு போயிட்டு அண்ணாச்சி, சரியாக் காயல" என்றாய். அவர் ஒன்றும் சொல்லவில்லை. கயிற்றைச் சுருட்டி ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு போனார். அந்தக் கயிறுதான் அன்றைக்கு என் தூக்கத்தைக் கெடுத்தது.

உப்பளத்து மோட்டார் எரிந்தால் எப்படிக் கட்டுவது என்று உனக்குத் தெரியும். அது நின்றுபோனால் அங்கே என்ன ஆகும் என்று நீ பார்த்திருக்க மாட்டாய். நான் 26 வருஷம் அளத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தவன், சொல்கிறேன். தண்ணீரில் உப்பு எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதை அளத்தில் டிகிரி என்போம். கடல் தண்ணீரை எடுத்து டிகிரி பார்த்தால் சுமார் 3 இருக்கும். நம் பக்கம் நிறைய அளங்களில் அதைவிட உறைப்பான நிலத்தடித் தண்ணீரைத்தான் மோட்டார் வைத்து இறைக்கிறார்கள். வெயில் குடிக்கக் குடிக்க டிகிரி ஏறும். 25 தொட்டதும் பாத்தியில் உப்பு பூக்கும். அதைப் பார்க்க அவ்வளவு அழகாக இருக்கும், அது வேறு கதை. 29, 30 என்று ஏறவிட்டால் மிஞ்சுகிற தண்ணீர் கசப்பு. மக்னீசியம். அதை வெட்டி வெளியே விட்டுவிட்டுப் புதுத் தண்ணீர் பாய்ச்ச வேண்டும். பாய்ச்சாமல் வற்றவிட்டால் கசப்பும் உப்போடு சேர்ந்து படிந்துவிடும். அந்த உப்பு ஈரம் கோத்துக்கொண்டே இருக்கும். வியாபாரி ஒரு கல்லை வாயில் போட்டுப் பார்ப்பார், விலையைக் குறைப்பார். பங்குனி வெயிலில் மூன்று நாள் மோட்டார் இல்லையென்றால் சின்ன அளக்காரர் பாடு திண்டாட்டம்தான். இன்னும் ஆகவில்லை என்று நீ சொல்லியிருந்தால் அவர் வாடகைக்காவது ஒரு மோட்டார் பிடித்திருப்பார். நீ சாயங்காலம் என்றதால் காத்திருந்தார்.

"உங்கள் வசனம் எப்பொழுதும் கிருபை பொருந்தினதாயும் உப்பால் சாரமேறினதாயும் இருப்பதாக" என்று பவுல் கொலோசெயருக்கு எழுதுகிறாரே, அது உன் ஸ்டேட்டஸிலும் ஒருநாள் வந்தது. தூத்துக்குடிக்காரனுக்கு அந்த வசனத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை. உன் ஒரு பேச்சு, ஒருத்தருடைய உப்பையே கசக்க வைத்திருக்கும் என்று நினைத்தபோது எனக்கு நெஞ்சு அடைத்தது.

நீ ஏமாற்றுக்காரன் இல்லை. அதையும் சொல்லிவிடுகிறேன். அலுமினியக் கம்பியைச் சுற்றிவிட்டுச் செம்புக்குக் காசு வாங்குகிறவர்கள் இருக்கிற தொழில் இது. நீ செம்பு என்றால் செம்புதான். பேரிங் மாற்றாமல் மாற்றியதாக பில் போட மாட்டாய். உன் கையைப் பற்றி எனக்குப் பெருமைதான். கையில் இருக்கிற நேர்மை ஏன் வாய் வரைக்கும் வரவில்லை என்பதுதான் என் கேள்வி.

ஒருவேளை நாங்கள் பெரியவர்கள் உனக்குச் சொல்லித் தரவில்லையோ என்னவோ. குடிக்காதே, சீட்டு ஆடாதே, ஓய்வுநாளை மதி, இதெல்லாம் பிரசங்கத்தில் வந்துவிடும். வார்னிஷ் பற்றி யாரும் பிரசங்கம் பண்ணுவதில்லை. அதைவிட மோசம், நம் ஆட்களுக்கு வேதபாஷை என்று ஒரு வசதி இருக்கிறது. கடன் கொடுக்க மனமில்லையா, "ஜெபிச்சுச் சொல்றேன்". கல்யாணத்துக்குப் போக மனமில்லையா, "ஆண்டவருக்குச் சித்தமானா வருவோம்". வேதத்தில் யாக்கோபு அந்த வார்த்தையைச் சொன்னது, நாளைக்கு நடப்பது நம் கையில் என்ற மேட்டிமையை அடக்க. நாம் அதை மரியாதையான ‘முடியாது’ ஆக்கிவிட்டோம். அப்புறம் இந்த ஜெபக்குறிப்பு. "அந்தப் பிள்ளைக்காக ஜெபிச்சுக்கோங்க, புருஷன் வீட்ல இருந்து பெட்டியோட வந்துட்டாளாம்" என்று ஒரு வீட்டில் சொன்னால் போதும், மாலை ஜெபக்கூட்டம் தொடங்குவதற்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிடும். ஜெபம் நடந்ததா என்று கேட்காதே. ஸ்தோத்திரம் என்று தொடங்கி வார்னிஷ் காயுது என்று முடித்தாயே, அதுவும் இந்த வகைதான். அந்த முதல் வார்த்தையால்தான் அவர் இரண்டாவதை நம்பினார்.

"உள்ளதை உள்ளதென்றும், இல்லதை இல்லதென்றும் சொல்லுங்கள்" என்று இயேசு சொன்னதில் தத்துவம் எதுவும் இல்லை. "இன்னும் திறக்கலை அண்ணாச்சி." மூன்று வார்த்தை.

வியாபாரம் போய்விடும் என்கிறாய். சுவார்ட்ஸ் ஐயரைப் பற்றி உனக்குச் சொல்லியிருக்கிறேனா? பாளையங்கோட்டையில் பாப்பாத்தியம்மாள் கோயில் என்கிறோமே, குளோரிந்தா என்ற அம்மாள் கட்டியது, 1785-ல் அதைப் பிரதிஷ்டை செய்தவர் அவர்தான். 1750-ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய ஜெர்மன் பாதிரியார். 1798-ல் தஞ்சாவூரில் சாகும்வரை ஊர் திரும்பவே இல்லை. 1779-ல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் மைசூரை ஆண்ட ஐதர் அலியிடம் தூது அனுப்ப ஆள் தேடியபோது இவரைத்தான் பிடித்தார்கள். ஸ்ரீரங்கப்பட்டணம் போய் வந்தார். வழிச்செலவுக்கென்று ஐதர் கொடுத்த 300 ரூபாயை மதராஸில் கம்பெனியிடமே ஒப்படைத்தார். நீரே வைத்துக்கொள்ளும் என்று அவர்கள் சொன்னதும் அனாதைப் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்குப் போட்டுவிட்டார். பிறகு ஐதருக்கும் கம்பெனிக்கும் போர் மூண்டபோதும் இந்தப் பாதிரியாரை மட்டும் தடுக்க வேண்டாம் என்று ஐதர் உத்தரவு போட்டிருந்தார்.

எனக்குப் பிடித்தது அந்தப் போரின்போது நடந்தது. தஞ்சாவூர்ச் சீமை பாழாகிவிட்டது. கோட்டைக்குள் பஞ்சம். வெளியே கிராமங்களில் நெல் இருந்தது, ஏற்றி வர மாடு தர ஒருத்தரும் தயாரில்லை. முன்னால் கொடுத்தவர்களுக்கு அரண்மனை ஆட்கள் காசு தராமல் நாமம் போட்டிருந்தார்கள். நம் வார்த்தையை இனி யாரும் நம்ப மாட்டார்கள், பாதிரியாரை நம்புகிறார்களா பார்ப்போம் என்று ராஜாவே சொல்லிவிட்டார். காசை என் கையால் நானே தருவேன் என்று சுவார்ட்ஸ் ஊர்களுக்குக் கடிதம் அனுப்பினார். இரண்டொரு நாளில் ஆயிரம் மாட்டுக்கு மேல் வந்து நின்றது. 80,000 கலம் நெல் சேர்ந்தது. சொன்னபடி எண்ணிக் கொடுத்தார்.

கம்பெனிக்கு வேண்டியவர்தானே அவர் என்று நீ கேட்பாய். கேட்க வேண்டிய கேள்விதான். அவர் கம்பெனியோடு அவ்வளவு நெருக்கமாக இருந்தது எனக்கும் முழுக்க ஒப்பவில்லை. ஆனால் மாட்டை அவிழ்த்துக்கொடுத்த குடியானவர் கம்பெனியையும் நம்பவில்லை, ராஜாவையும் நம்பவில்லை. பெரும்பாலும் அவர் கிறிஸ்தவரும் இல்லை. அந்த மனுஷன் சொன்னால் செய்வான் என்பது ஒன்றுதான் அவருக்குத் தெரியும்.

அவ்வளவு தூரம் போவானேன். உன் தாத்தா உடன்குடிப் பக்கம் கருப்பட்டி விற்றவர். கையெழுத்துப் போடத் தெரியாது. கோயிலில் சாட்சி சொல்லச் சொன்னால் எழுந்து நின்று இருமிவிட்டு உட்கார்ந்துவிடுவார். ஆனால் சரக்கைக் கொடுக்கும்போதே "இதுல மேல இருக்கது ரெண்டும் இளகல், பார்த்துக்கிடுங்க" என்று சொல்லிவிடுவார். காயல்பட்டினத்து மரைக்காயர் ஒருவர் அவரிடம் எடை போடாமலே வாங்குவார். எனக்குச் சின்ன வயதில் அது கோபமாகக்கூட இருந்தது. இளகல் என்று நாமே சொல்லி விலையைக் குறைத்துக்கொள்வானேன் என்று.

நான் ஒன்றும் தாத்தா மாதிரி இல்லை. இதை உன் அம்மைகூடக் கேட்டதில்லை, எழுதிவிடுகிறேன். அளத்தில் நம் சபைக்காரம்மா ஒருத்தி வேலை பார்த்தாள். ஒருநாள் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஆள் வந்து கூப்பிட, பாதியில் போனாள். பாதி என்ன பாதி, முக்கால் வேலை முடிந்திருந்தது. பேரேட்டில் அரை நாள் என்று எழுதினேன். சனிக்கிழமை சம்பளத்தின்போது கேட்டாள். "முதலாளி உத்தரவும்மா, நான் என்ன செய்ய" என்றேன். முதலாளி அந்த வாரம் ஊரிலேயே இல்லை.

மறுநாள் கோயிலில் திருவிருந்து, அப்பமும் ரசமும் வாங்குகிற ஆராதனை. பாவ அறிக்கையில் நினைவு, வாக்கு, செய்கை என்று வரிசையாக வருமே, வாக்கு என்ற இடத்தில் எனக்கு நாக்கு ஓடவில்லை. அன்றைக்குப் பந்திக்குப் போகாமல் பெஞ்சிலேயே இருந்துவிட்டேன். ஆனாலும் அவளைப் போய்ப் பார்க்க இன்னொரு வாரம் ஆயிற்று. அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வேப்பமரத்தடியில் கூப்பிட்டு, உண்மையைச் சொல்லி, பாக்கியைக் கையில் கொடுத்தேன். அவள் காசைப் பார்க்கவே இல்லை. "துட்டு கெடக்கட்டும் ஐயா. நீங்க சொன்னதைக் கேட்டு ஒரு வாரமா அந்த முதலாளியைச் சபிச்சுக்கிட்டுக் கிடந்தேனே, அதுக்கு நான் எங்க போய் மன்னிப்புக் கேக்க?" என்றாள். எனக்கு இன்றைக்கும் பதில் தெரியாது.

இன்னொரு விஷயம், சின்னதுதான். கோயில் அசன விருந்தன்று நீ பந்தி பரிமாறியதைப் பார்த்தேன். "சாம்பார் ஊத்தட்டுமா ஐயா, இன்னும் கொஞ்சம் சோறு வைக்கட்டுமா பெரியம்மா" என்று எவ்வளவு பதமாகக் கேட்டாய். யார், எந்தத் தெரு என்று பார்க்கவில்லை. கடையில் அந்தச் சின்னப் பையன் ஸ்பேனரை மாற்றி எடுத்துக் கொடுத்ததற்கு "ஏல மூதி, கண்ணு பொடதியிலயா இருக்கு" என்று, ஆள் வந்து நிற்கும்போதே கத்தினாய். அவன் முகத்தை நான் பார்த்தேன், நீ பார்க்கவில்லை. துதித்தலும் சபித்தலும் ஒரே வாயிலிருந்து என்று யாக்கோபு எழுதியதை நீயே எடுத்துப் படித்துக்கொள். அவனும் உன் சபைப் பையன்தான் என்பதால் சொல்லவில்லை. அவன் வேறு கோயிலுக்குப் போகிறவனாக இருந்தாலும் இதேதான்.

பலகையைக் கழற்று என்று நான் சொல்ல மாட்டேன். அது இருக்கட்டும். அதற்குக் கீழே ஒரு கரும்பலகை வாங்கி மாட்டு. மோட்டார் வந்த தேதி, திறந்த தேதி, கொடுக்கிற தேதி, மூன்றையும் வருகிறவர்கள் கண்ணில் படுகிற மாதிரி எழுது. முதல் மாதம் நாலு பேர் வேறு கடைக்குப் போவார்கள். போகட்டும். அந்த அண்ணாச்சிக்கும் ஒரு போன் போடு. மோட்டார் அவர் கைக்குப் போயிருக்கும், இருந்தாலும் போடு. அன்றைக்கு வார்னிஷே அடிக்கவில்லை என்று சொல். அவர் திட்டுவார். உப்பளத்துக்காரர்கள் திட்டினால் நல்ல நீளமாகவே திட்டுவார்கள், உட்கார்ந்துகொண்டு போன் பண்ணு.

வருகிற சனிக்கிழமை நான் வருகிறேன். அத்தையின் மிக்ஸி காயில் போய்விட்டது, அதையும் கொண்டுவருகிறேன். எப்போ கிடைக்கும் என்று கேட்பேன். பத்து நாள் ஆகும் என்றால் பத்து நாள் என்றே சொல். அத்தையிடம் நான் பேசிக்கொள்கிறேன். அதுவரைக்கும் வீட்டில் அம்மி கிடக்கிறது.

அன்புடன்,
மாமா