லடாக்குக்கு முன்னால் ஒரு நாகர்கோவில்

நாகர்கோவில்,
ஜூன் மாதம்

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய படங்களை எல்லாம் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். வண்டி பிடித்திருக்கிறது. ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411 பைக், 2019 மாடல், மீட்டரில் 31,000 கிலோமீட்டர், விற்றவர் உன் ஆபீசில் யாருக்கோ தெரிந்தவர் என்கிறாய். சரி. "இவ்வளவு சம்பளம் வாங்குகிறவள் எதற்கு இன்னொருத்தன் ஓட்டித் தள்ளின வண்டியை வாங்கணும்?" என்று அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறாள். பஸ் டிப்போவில் நான் கை வைத்த வண்டி எல்லாமே இன்னொருத்தர் ஓட்டியதுதான். அதனால் பழசு வாங்கியதில் எனக்கு ஒன்றுமில்லை. கடைசி வரியில், அடுத்த மாதமே மணாலி வழியாக லடாக்கில் இருக்கும் லே வரை போகப் போவதாக எழுதியிருந்தாயே, அதற்காகத்தான் இதை உட்கார்ந்து எழுதுகிறேன். போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று முடித்துவிடுவாய்.

போகாதே என்று சொல்ல வரவில்லை மக்களே. போ. அதற்கு முன்னால் ஒரு தடவை அந்த வண்டியை வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு வா. ஜூலையில் இங்கே வா, செப்டம்பரில் அங்கே போ. மணாலிப் பக்கம் ஜூலை, ஆகஸ்ட் மழையில் மண் சரிந்து ரோடு அடைபடுவது வழக்கம். செப்டம்பரில் மழை அடங்கியிருக்கும், கணவாய்களும் திறந்திருக்கும். உனக்கும் நஷ்டமில்லை.

பெங்களூரிலிருந்து நம் வீடு 650 கிலோமீட்டருக்கு மேல். பழைய வண்டியின் குணம் ஊருக்குள் ஓட்டினால் தெரியாது. ஆபீசுக்குப் போய் வருகிற அரை மணி நேரத்தில் அது தன்னைக் காட்டிக்கொள்ளாது. பெட்டி கட்டி, வெயிலில், மூன்று மணி நேரம் ஒரே சீராக ஓடும்போதுதான் எங்கே ஆயில் கசிகிறது, எந்த நட்டு தளர்கிறது, எந்த வேகத்தில் ஹேண்டில் நடுங்குகிறது என்பதெல்லாம் வெளியே வரும். தகராறு செய்வதை எல்லாம் சேலத்தில் செய்யட்டும், லே போகிற வழியில் இருக்கும் சர்ச்சுவில் செய்ய வேண்டாம். சேலத்தில் இறங்கி நடந்தால் நாலு மெக்கானிக் கடை. அந்தப் பக்கம் எப்படி என்பதற்கு நீயே எனக்கு ஒரு படம் அனுப்பியிருந்தாய். மணாலி-லே ரோட்டில் 'தாண்டி' என்கிற ஊரின் பெட்ரோல் பங்கில், அடுத்த பங்க் 365 கிலோமீட்டர் தள்ளி என்று எழுதிய போர்டு. பெட்ரோலுக்கே அந்தப் பாடு என்றால் கிளட்ச் வயருக்கு எங்கே போவாய்?

டேங்க் 15 லிட்டர், லிட்டருக்கு 30 கொடுக்கும், 450 வரும் என்று கணக்குப் போட்டிருக்கிறாய். அந்த 30 விற்றவர் வாயால் வந்த 30. வாய் வரை நிரப்பி, மீட்டரைக் குறித்துக்கொண்டு ஓட்டி, மறுபடி வாய் வரை நிரப்பி வகுத்துப் பார். பெட்டி கட்டின பிறகு ஒரு கணக்கு, 80-ல் போனால் ஒரு கணக்கு, 100-ல் முறுக்கினால் வேறு கணக்கு. நம் ரோட்டில் பெட்ரோல் தீர்ந்தால் ஒரு கிலோமீட்டர் தள்ளினால் போதும். அதனால் இந்தப் பரீட்சையை இங்கேயே எழுதிவிடு.

இப்போது வண்டியைப் பார்ப்போம். மீட்டர் சொல்வதை அப்படியே நம்பாதே. ஃபுட்ரெஸ்ட் ரப்பர், பிரேக் பெடலின் முகம், கைப்பிடி, இந்த மூன்றும் எவ்வளவு தேய்ந்திருக்கின்றன என்று பார். 31,000 ஓடின வண்டியில் ரப்பர் புத்தம் புதிதாக இருந்தாலும் சந்தேகம், மொட்டையாக இருந்தாலும் சந்தேகம். அடுத்து சாவியைப் போட்டதும் எஞ்சின் விளக்கு, பிரேக் பிடித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும் ஏ.பி.எஸ்.ஸின் விளக்கு இரண்டும் எரிகின்றனவா என்று கவனி. எரியவேண்டும். எஞ்சின் விளக்கு ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும், ஏ.பி.எஸ். விளக்கு வண்டி நகர்ந்ததும் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் சந்தோஷப்படாதே. விற்கிற நேரத்தில் பல்பைச் சத்தமில்லாமல் செயலிழக்கச் செய்கிற ஆட்கள் உண்டு.

டயரின் பக்கவாட்டில் ஒரு சின்ன நீள்வட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும். 2319 என்றிருந்தால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரம் செய்த டயர். பட்டன், அதாவது டயர் முகத்தின் மேடு பள்ளம், நன்றாக இருக்கிறதே என்று ஏமாறாதே. ரப்பர் வெயிலில் நின்றே இறுகிவிடும், மழை ரோட்டில் அது பிடிக்காது. வண்டியோடு வந்த டயர் இன்னும் மாட்டியிருந்தால் யோசிக்காமல் இரண்டையும் மாற்று. பின் சக்கரத்து ஸ்ப்ராக்கெட்டையும், அதாவது செயின் ஓடுகிற பல் சக்கரத்தையும் பார். பற்கள் சுறாத் துடுப்பு மாதிரி ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தால் செயினோடு சேர்த்து செட்டாக மாற்ற வேண்டும். செயினை மட்டும் மாற்றிக் காசை மிச்சம் பிடிக்க நினைத்தால் புதுச் செயினையும் அந்தப் பல் தின்றுவிடும்.

கோன் செட், அதாவது ஹேண்டில் திரும்புகிற இடத்து பேரிங், அதைப் பார்க்க ஒரு ஆள் துணை வேண்டும். சென்டர் ஸ்டாண்டு போட்டு, அவரைப் பின்னால் அழுத்தச் சொல். முன் சக்கரம் தரையை விட்டு எழும்பும். ஹேண்டிலை ஒரே விரலால் இடமிருந்து வலமாக மெதுவாகத் தள்ளு. வழுக்கிக்கொண்டு போக வேண்டும். நேராக வருகிற இடத்தில் 'டக்' என்று ஒரு தடை தட்டினால் கோன் செட் முடிந்தது. இது 21 அங்குல முன் சக்கரம், மேடு பள்ளத்தில் இறக்குவதற்கென்றே வாங்குகிற வண்டி. முன்னால் வைத்திருந்தவர் எங்கெங்கே இறக்கினார் என்று அவருக்கும் கடவுளுக்கும்தான் தெரியும்.

படத்தில் முன்னால் இரண்டு எக்ஸ்ட்ரா லைட் தெரிகிறது. எனக்கு மற்ற எல்லாவற்றையும் விட அதுதான் உறுத்துகிறது. சீட்டைக் கழற்றி வயரிங்கைப் பார். ரிலேயும் ஃபியூசும் போட்டு ஒழுங்காக இழுத்திருந்தால் இருக்கட்டும். இரண்டு வயரை முறுக்கி டேப் சுற்றியிருந்தால் லைட்டையே கழற்றி வைத்துவிடு. அந்த டேப் சூட்டில் இளகி, மழைத் தண்ணீர் இறங்கி, ஒரு ராத்திரி நடுரோட்டில் மொத்த வண்டியும் அணையும்.

நாள் தெரியாதது எல்லாவற்றையும் மாற்று. எஞ்சின் ஆயில், ஃபில்டர், ஏர் ஃபில்டர், பிளக், பிரேக் ஆயில், பிரேக் பேட், கிளட்ச் வயர். "போன மாதம்தான் மாத்தினேன் மேடம்" என்பதற்கு பில் இருந்தால் நம்பு. பழைய ஆயிலை வெள்ளைத் துணியில் வடிக்கச் சொல்லிப் பக்கத்திலேயே நில். கறுப்பாக இருந்தால் பயமில்லை. வெயிலில் பிடித்தால் மினுமினுவென்று உலோகத் தூள் தெரிந்தால் எனக்கு போன் பண்ணு, மேற்கொண்டு பேசுவோம்.

சர்வீசைக் கிளம்புகிற முதல் நாள் விடாதே. இதை அடிக்கோடு போட்டு வாசி. பிரித்துப் பூட்டின வண்டியில்தான் புதுத் தகராறு வரும். ஒரு போல்ட் முறுக்கு குறைந்திருக்கும், ஒரு ஹோஸ் சரியாக உட்கார்ந்திருக்காது. டிப்போவில் வேலை முடிந்த பஸ்ஸை ஓட்டிப் பார்க்காமல் ரூட்டுக்கு அனுப்பமாட்டோம். நீயும் இரண்டு வாரம் முன்பே சர்வீஸ் முடித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை கிருஷ்ணகிரி வரை போய்த் திரும்பி, ஸ்பேனரைக் கையில் எடுத்து ஒவ்வொரு நட்டாகத் தொட்டுப் பார்.

பஞ்சர் கிட் வாங்கிவிட்டேன் என்று எழுதியிருக்கிறாய். குச்சி சொருகுகிற கிட்தானே? அது டியூப்லெஸ் டயருக்கு. உன்னுடையது கம்பிச் சக்கரம், உள்ளே டியூப். திருப்பிக் கொடுத்துவிட்டு இரண்டு அளவிலும் ஒவ்வொரு டியூப் வாங்கு. பின்னால் 17 எங்கேயும் கிடைக்கும், முன்னால் 21 ரோட்டோரக் கடையில் கிடைப்பது அபூர்வம். புது கிளட்ச் வயர் போடும்போது இன்னொன்றும் வாங்கி, அது போகிற வழியிலேயே கூட வைத்துக் கட்டிவிடு. அறுந்தால் இரண்டு முனையையும் மாட்டினால் போதும்.

வண்டி 190 கிலோவுக்கு மேல். ஓடும்போது அந்தக் கனம் தெரியாது. யூ டர்ன் எடுக்கும்போதோ, ஜல்லியில் கால் ஊன்றும்போதோ சாயும். சாய ஆரம்பித்தால் தாங்கிப் பிடிக்காதே, விட்டுவிட்டு ஒதுங்கு. கை போனால் வராது. தூக்குவதற்கு முன்னால் எஞ்சினை அணைத்து கியரில் போடு, வலப்பக்கம் விழுந்திருந்தால் சைடு ஸ்டாண்டை முதலிலேயே விரித்து வை. அப்புறம் வண்டிக்கு முதுகைக் காட்டி, சீட்டில் இடுப்பைக் கொடுத்து உட்கார்ந்து, ஒரு கை ஹேண்டில், ஒரு கை பின்னால் கேரியர், காலால் பின்னோக்கித் தள்ளி எழு. இதை ஒரு மண் மைதானத்தில் சிநேகிதியைக் கூட வைத்துக்கொண்டு பழகு.

பேப்பர் விஷயம் சலிப்பு, ஆனாலும் கேள். வாங்கினவர் 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வில் பேர் மாற்றத்துக்குக் கொடுக்க வேண்டும், படிவம் 29, 30. இன்சூரன்ஸ் கம்பெனிக்கு 14 நாளுக்குள் எழுத வேண்டும். எதிராளிக்கு ஆகும் சேதத்துக்கான பாலிசி வண்டியோடு தானாக வந்துவிடும், உன் வண்டிக்கு ஆகும் சேதத்துக்கு நீ மாற்றிக்கொண்டால்தான் வரும். விற்றவருடைய நோ கிளைம் போனஸ், அதாவது கிளைம் கேட்காததற்குக் கிடைக்கிற தள்ளுபடி, அவரோடு போய்விடும், அதனால் கொஞ்சம் கூடுதல் கட்டச் சொல்வார்கள், கட்டு. ஓட்டுகிற சொந்தக்காரருக்கான 15 லட்ச ரூபாய் விபத்துக் காப்பீடும் ஆர்.சி.யில் பேர் உள்ளவருக்குத்தான். ஆக, ஆர்.சி.யில் உன் பேர் வராமல் ஓசூரைத் தாண்டாதே.

ரோட்டைப் பற்றி இரண்டே இடம் சொல்கிறேன், மற்றதை நீ பார்த்துக்கொள்வாய். ஒன்று தொப்பூர். தருமபுரி தாண்டி சேலம் பக்கம் இறங்குகிற இறக்கத்தில் லோடு லாரிகளுக்கு பிரேக் பிடிக்காமல் போவது அடிக்கடி நடக்கிறது. உனக்கு ஆபத்து பின்னாலிருந்து. லாரிக்கு முன்னால் ஒட்டிக்கொண்டு போகாதே, இரண்டு லாரிக்கு நடுவில் மாட்டாதே, படம் எடுக்க ஓரம் கட்டாதே. கீழ் கியரில் இறங்கு, கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே இரு.

இன்னொன்று நம் வாசல்தான். நாங்குநேரி தாண்டியதும் காற்று தொடங்கும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று சொன்னவர் முப்பந்தலில் நின்றுகொண்டு சொல்லியிருப்பார். மேற்கிலிருந்து, உன் வலப்பக்கம் அடிக்கும். இரண்டு பக்கமும் பெட்டி வேறு, காற்றுக்கு நல்ல பிடி. கொஞ்சம் வலப்பக்கம் சாய்ந்துதான் ஓட்டவேண்டி வரும். அந்த நேரம் ஒரு லாரி உன்னை முந்தினால் காற்று சட்டென்று அறுபடும், சாய்ந்த சாய்வில் நீ லாரிப் பக்கமே போவாய். அது தாண்டியதும் பழையபடி இடப்பக்கம் தள்ளும். கண்ணாடியில் லாரி தெரிந்ததுமே வேகத்தைக் குறைத்து, ஹேண்டிலை இறுக்கிப் பிடிக்காமல் விட்டுக்கொடுத்து ஓட்டு. காவல்கிணறு திரும்பி ஆரல்வாய்மொழி வந்தால் காற்று நேர் முகத்துக்கு வந்துவிடும், பெட்ரோல் குடிக்கும், ஆனால் தள்ளாது.

ஒரே நாளில் வந்து சேர்கிறேன் என்று சவால் விடாதே. முதல் நாள் மதுரையில் அத்தை வீடு, மறுநாள் காலை கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்கு இங்கே. இருட்டில் ஓட்ட வேண்டாம். அம்மா எழுதச் சொன்னது: பாத்ரூமுக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் ஓட்டாதே. பெரிய பங்காகப் பார்த்து நிறுத்து, பெட்ரோல் போடாவிட்டாலும் நிறுத்து. ஹைவேயில் உதவிக்கு 1033.

வந்ததும் இரண்டு நாள் வண்டியை என்னிடம் விடு. ஓடி வந்த வண்டி என்ன சொல்கிறது என்று நான் பிரித்துப் பார்க்க வேண்டும். அப்படியே கீரிப்பாறை வரை ஒரு ரவுண்டும் போய் வருவேன், அதை அம்மாவிடம் இப்போதே சொல்ல வேண்டாம். என் பழைய புல்லட்டில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில் இருந்தது. உன் வண்டியில் எல்லாம் எதிர்ப்பக்கம், முதலில் முற்றத்திலேயே சுற்றிப் பழகிக்கொள்கிறேன்.

அன்புடன்,
அப்பா

பி.கு.: டயர் இரண்டின் நம்பரையும், ஸ்ப்ராக்கெட்டையும், சீட்டுக்குக் கீழே வயரிங்கையும் கிட்டே வைத்துப் படம் எடுத்து அனுப்பு. ராத்திரி எடுக்காதே, ஃபிளாஷில் ஒன்றும் தெரியமாட்டேன் என்கிறது.