இணையக் குற்றச் சட்டத்தின் 20 முதல் 23 வரையிலான பிரிவுகள்: தென்னாப்பிரிக்க நீதித்துறை அமைச்சருக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு அமைச்சர் அவர்களுக்கு,

வணக்கம். இதன் ஆங்கிலப் பிரதி தங்கள் அலுவலகத்துக்குத் தனியே வருகிறது. டர்பனின் சாட்ஸ்வொர்த்திலும் பீனிக்ஸிலும் உள்ள நம் குடும்பங்களும் படிக்கட்டும் என்றுதான் தமிழிலும் எழுதுகிறோம்.

கோவில் திருவிழாவில் சேலையோடு நின்ற பெண்ணின் படத்தைச் செயலியில் போட்டு நிர்வாணப் படமாக்கி வாட்ஸ்அப்பில் சுற்றவிடுவது தாங்கள் அறியாததல்ல. இணையக் குற்றச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, உண்மைப் படமானாலும் போலிப் படமானாலும் சம்மதமின்றிப் பகிர்ந்தால் குற்றம் என்கிறது. 3 ஆண்டு வரை சிறை. நல்ல சட்டம்தான்.

ஆனால் பாதிக்கப்பட்ட பெண் அன்றிரவு கேட்பது யாருக்கும் சிறை அல்ல. படம் இறங்க வேண்டும் என்பதுதான். அதற்கான வழி 20ஆம் பிரிவில் இருக்கிறது. காவல்துறையில் புகார் கொடுத்ததும், எதிர்த்தரப்பை அழைக்காமலே, இனி யாரும் பகிரக் கூடாது, படத்தை வைத்திருக்கும் நிறுவனம் அதை நீக்க வேண்டும் என்று மாஜிஸ்திரேட்டிடம் உத்தரவு வாங்கலாம். அனுப்பியவரை அடையாளம் காண 21ஆம் பிரிவு. 2021 டிசம்பர் 1 அன்று சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, 20 முதல் 23 வரையிலான இந்தப் பிரிவுகளையும் வேறு சிலவற்றையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டீர்கள். இந்த நான்கு பிரிவுகளையும் நடைமுறைக்குக் கொண்டுவாருங்கள்.

இப்போது அந்தப் பெண் என்ன செய்கிறார் தெரியுமா? 2002ஆம் ஆண்டின் மின்னணுத் தொடர்பு, பரிவர்த்தனைச் சட்டத்தின் 77ஆம் பிரிவுப்படி, படத்தை நீக்கக் கோரி நிறுவனத்துக்கு நீக்கல் அறிவிப்பு எழுதுகிறார். முழுப் பெயர், முகவரி, தொலைபேசி எண், கையொப்பம், படம் இருக்கும் இடம் எல்லாம் வேண்டும். முகம் தெரியாத ஒருவன் தன்னை அம்மணமாக்கி ஊருக்குக் காட்டும் வேளையில், தன் வீட்டு முகவரியை எழுதிக் கொடுக்க வேண்டும்! படம் பத்து இடத்தில் இருந்தால் பத்து இணைப்பையும் தேடித் தேடி, அந்தப் படத்தைத் தானே பத்து முறை பார்த்துக் குறிக்க வேண்டும். நிறுவனம் வெளிநாட்டில் என்றால் அறிவிப்பு பலிப்பது கடினம். வாட்ஸ்அப்பில் வந்ததற்கோ இணைப்பே கிடையாது.

சம்மதமில்லாத அந்தரங்கப் படங்கள் பரவாமல் தடுக்கும் ஸ்டாப்என்சிஐஐ இணையதளம் உதவுகிறது, மறுக்கவில்லை. படம் கைப்பேசியை விட்டு வெளியே போகாது. அதன் எண்ரேகை, அதாவது படத்தை அடையாளம் காட்டும் குறியீடு, மட்டும் போகும். ஆனால் அதில் சேர்ந்துள்ள தளங்களில்தான் அது தடுக்கும். அதே முகத்தை வைத்து அவன் இன்னொரு படம் தயாரித்தால் ரேகையும் வேறு, வேலையும் முதலிலிருந்து.

2011ஆம் ஆண்டின் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் இருக்கிறதே என்பீர்கள். அனுப்பியவரின் விவரத்தை நிறுவனத்திடம் கேட்க அதில் வழியுண்டு. பெயர் கிடைத்து, ஆளைத் தடுத்து முடிப்பதற்குள் படம் ஜோகன்னஸ்பர்க்கைத் தாண்டியிருக்கும். அமெரிக்காவில் 2025 மே மாதம் கையெழுத்தான சட்டம், புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் நீக்கச் சொல்கிறது. நாமோ எழுதி வைத்த பிரிவையே பூட்டி வைத்திருக்கிறோம்.

ஆண்டுதோறும் நவம்பர் 25 முதல் டிசம்பர் 10 வரை பெண்கள் மீதான வன்முறைக்கு எதிராக 16 நாள் மேடை போடுகிறீர்கள். மெழுகுவர்த்தி, வெள்ளை ரிப்பன், உரை எதற்கும் குறைவில்லை. இணையக் குற்றச் சட்டம் அந்த 16 நாளுக்குள்தான் நடைமுறைக்கு வந்தது. பெண்ணுக்கு உடனே உதவக்கூடிய நான்கு பிரிவுகளுக்குத்தான் மேடையில் இடமில்லாமல் போயிற்று போலும்.

கடுமையாகத் தோன்றினால் பொறுத்தருள வேண்டுகிறோம். கேட்பது இவ்வளவுதான். 20 முதல் 23 வரையிலான பிரிவுகளை நடைமுறைக்குக் கொண்டுவரும் பிரகடனத்தைக் குடியரசுத் தலைவரிடம் பரிந்துரையுங்கள். அதுவரை, போலிப் படம் என்பதற்காகப் புகாரைத் திருப்பி அனுப்பாமல் 16ஆம் பிரிவில் பதிந்து வழக்கு எண் கொடுக்கும்படி காவல் நிலையங்களுக்குச் சொல்லத் தங்கள் சக அமைச்சரைக் கேளுங்கள். கைப்பேசியில் உள்ள செய்தியை அழிக்கச் சொல்லாமல், அனுப்பிய எண்ணும் தேதியும் நேரமும் தெரியும்படி திரைப்பிடிப்பு எடுத்துக்கொள்ளவும் சொல்லட்டும். ஆதாரம் அங்கேதான் தொலைகிறது.

பிரகடனத்தின் தேதியை எழுத்தில் தெரிவிக்குமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
இத்தகைய புகார்களுக்கு உதவிவரும் டர்பன் தமிழர் சிலர்