ஆட்டைக் காத்துக் கொடுத்தவர்களுக்கு

தர்மபுரி மாவட்டம் சித்தேரி மலையில், மலையாளிப் பழங்குடிக் குடும்பங்களின் ஆடு வளர்ப்புக் குழுவினர் எழுதும் நன்றி மடல்.

ஆட்டை ஒருவர் கொடுத்து, வளர்ப்பவரோடு குட்டியைப் பங்கு பிரித்துக்கொள்ளும் வாரத்துக்கு ஆடு விடுவது பழைய வழக்கம். குழுவின் முறையும் அதிலிருந்து எடுத்ததுதான். குழுவிடம் இரண்டு பெட்டை ஆடு பெறும் குடும்பம், இரண்டு பெட்டைக் குட்டிகளை வளர்த்து அடுத்த குடும்பத்துக்குக் கைமாற்ற வேண்டும். பால் மறந்த கையோடு 3 மாதக் குட்டியைக் கொடுத்தால் புது இடத்தில் தாங்காது. 6 மாதம் நிறைந்து, தடுப்பூசி போட்ட குட்டியே கணக்கில் சேரும் என்று விதி எழுதிக் கொடுத்த பெரியவர்களுக்கு முதல் வணக்கம். அந்த ஒரு வரி இல்லாவிட்டால் சங்கிலி இரண்டாவது வீட்டிலேயே அறுந்திருக்கும்.

பல் பார்த்து வயதறிந்து ஆடு வாங்கச் சொல்லிக் கொடுத்த அடிவாரத்து ஆட்டுக்காரர்களுக்கு நன்றி. இரண்டு பல், நாலு பல் போட்ட சேலம் கருப்புப் பெட்டைதான் வளர்ப்புக்கு ஏற்றது. எல்லாப் பல்லும் முளைத்துப் பல் சேர்ந்த வயதான ஆடு மலிவாகக் கிடைக்கும், ஆனால் அதனிடம் எடுக்க வேண்டிய ஈற்றில் பாதி முடிந்திருக்கும். சந்தையில் வாங்கிய ஆட்டை 21 நாள் தனியே கட்டச் சொன்னதும் அவர்கள்தான். நோய் உள்ளே வைத்திருக்கும் ஆடு வாங்கும் அன்று நன்றாகவே இருக்கும். சளியும் கழிச்சலும் சில நாள் கழித்துத்தான் தெரியும். அதற்குள் மந்தையில் விட்டால் ஒன்றுக்காக எல்லாவற்றையும் இழக்க நேரும்.

கால்நடை உதவி மருத்துவருக்கும் ஆய்வாளருக்கும் சொல்ல வேண்டிய நன்றி பெரிது. ஆட்டுக்கொல்லி நோய்த் தடுப்பூசி மருந்து குளிர்ச்சி போனால் வெறும் தண்ணீர். மலைப்பாதையில் ஐஸ் பெட்டியைச் சுமந்து வந்ததோடு, கலக்கும் நீரையும் ஐஸிலேயே வைத்துக் கொண்டுவந்தார்கள். கலக்கிய மருந்தை 2 மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும் என்பதால், விடியும் முன்பே ஆடுகளை ஓரிடத்தில் கட்டி வைக்கச் சொன்னார்கள். ஊசியைக் கிருமிநாசினியில் கழுவக் கூடாது, வெந்நீரில் கொதிக்க வைத்து ஆறவிட்டே எடுக்க வேண்டும். கிருமிநாசினி மிச்சம் இருந்தால் மருந்தில் உள்ள உயிர்க்கிருமி செத்துப்போகும். ஒரு முறை போட்டால் ஏறக்குறைய 3 ஆண்டு தாங்கும் என்பது உண்மை. "போன வருசம்தான் போட்டாச்சே" என்று விட்டுவிட்டால், நடுவில் பிறந்த குட்டிகள் காப்பில்லாமல் நிற்கும். ஆகவே வருடா வருடம் புதுக் குட்டிகளைக் கணக்கெடுத்துப் போட வேண்டும். துள்ளுமாரி என்னும் குடல் நச்சு நோய்க்கான ஊசியை மழைக்கு முன்பே போட வேண்டும்; முதல் முறை போடும் ஆட்டுக்கு 14 நாள் கழித்து மறு ஊசி உண்டு. மழைக்குப் பின் துளிர்க்கும் இளம்புல்லை வயிறு முட்ட மேய்ந்த கொழுத்த குட்டிதான் அந்த நோயில் முதலில் விழும்.

குடற்புழு மருந்தை எடை பார்த்துக் கொடுக்கக் கற்றோம். குறைத்துக் கொடுத்தால் புழு சாகாது, மருந்துக்குப் பழகிவிடும். சினை பிடித்த முதல் மாதத்தில் அல்பெண்டசோல் கூடவே கூடாது. தலையை அண்ணாந்து தூக்கிப் புகட்டினால் மருந்து நுரையீரலுக்குள் போய்விடும். மூக்கு கண்ணுக்கு மேலே உயரக் கூடாது. கீழ் இமையைப் பிதுக்கிப் பார்த்து, ரத்தம் குறைந்து வெளுத்திருந்தால் உடனே சொல்லி அனுப்பும் பழக்கமும் அவர்கள் தந்தது. இரவில் குட்டி போட முடியாமல் தவிக்கும் ஆட்டுக்கு என்ன செய்வது என்று தொலைபேசியிலேயே வழி சொன்னதை மறக்க முடியாது. அவசரத்துக்கு அழைக்கும் 1962 என்ற கால்நடை மருத்துவ உதவி எண் இன்று எல்லா வீட்டுச் சுவரிலும் கரியால் எழுதியிருக்கிறது.

ஆடுகள் தங்க மரச்சட்டத்தால் உயரப் பரண் போட்டுத் தந்த தச்சருக்கு நன்றி. தரையிலிருந்து 4 அடி உயரம், பெரிய ஆட்டுக்கு 10 சதுர அடி இடம், சட்டங்களுக்கு நடுவே 1 முதல் 1.5 செ.மீ. சந்து. சந்து அகன்றால் குட்டியின் கால் மாட்டி ஒடியும், குறைந்தால் புழுக்கை தங்கி ஈரம் கட்டும். மலைக்குளிருக்குப் பயந்து நாலு பக்கமும் சாக்கு கட்டி மூடுவது பெரிய தவறு. மூத்திர நெடி உள்ளேயே நின்று நெஞ்சில் சளி கட்டும். ஆடு படுக்கும் உயரம்வரை காற்றை மறைத்தால் போதும், மேலே திறந்திருக்கட்டும்.

காட்டில் ஆடு விட முடியாத குறையைத் தீர்த்தது எங்கள் ஊர்த்தலைவர்களான ஊர்க்கவுண்டர்கள் விட்டுக் கொடுத்த தரிசும் வரப்பும். அங்கே தீவனத் தழைக்காக வைத்த அகத்தி, கிளைரிசிடியா, வேலிமசால், சூபாபுல்தான் கோடையில் கை கொடுக்கிறது. சூபாபுல் பசுந்தழையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது; மிஞ்சினால் முடி கொட்டும். எந்தத் தழையையும் வாடவிட்டே போட வேண்டும். பனி காயாத தழையைப் போட்டால் வயிறு உப்பும்.

கிடா கொடுத்து வாங்கும் பக்கத்து ஊர்களுக்கும் நன்றி. 20 பெட்டைக்கு ஒரு கிடா போதும், ஒன்றரை, இரண்டு ஆண்டுக்குள் அதை ஊர் மாற்றிவிட வேண்டும். தன் மகளையே சேரும் கிடாவால் பிறக்கும் குட்டி சிறுத்துப்போகும்.

கடைசியாக, தொங்குதராசு வாங்கித் தந்த நண்பருக்கு. வியாபாரி கண்மதிப்பில் விலை சொன்ன காலம் போய், உயிர் எடை இவ்வளவு, அதில் கறி ஏறக்குறைய பாதி என்று பெண்கள் கணக்குச் சொல்லிப் பேரம் பேசுகிறார்கள். அந்தத் தராசு எந்த நேரமும் யார் வீட்டிலாவது தொங்கிக்கொண்டுதான் இருக்கிறது.

இப்படிக்கு,
ஆடு வளர்ப்புக் குழுவினர்,
சித்தேரி மலை