சில்க்ஏரின் கதையைப் பதிவுசெய்ய இதுவே நேரம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் துணை நிறுவனமாக இருந்த சில்க்ஏரின் பெயர் பேச்சில் வரும்போதெல்லாம், “கொவிட் காலத்தில் மூடிவிட்டார்களே, அந்த விமான நிறுவனம்தானே?” என்று கேட்பவர்களை அடிக்கடி சந்திக்கிறேன். அது சரியன்று. கிருமிப்பரவல் தொடங்குவதற்கு ஒன்றரை ஆண்டுக்கும் முன்பே, 2018ஆம் ஆண்டு மே மாதத்தில், சில்க்ஏர் விமானங்களின் உட்புறத்தைப் பத்துக் கோடி வெள்ளிக்கும் மேல் செலவிட்டு மேம்படுத்தி, பிறகு அந்நிறுவனத்தைத் தன்னுடன் இணைத்துக்கொள்ளப் போவதாகச் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் அறிவித்துவிட்டது. தாய் நிறுவனத்துக்காக ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் பாதை வகுத்துக் கொடுத்த ஒரு நிறுவனத்தை, நோய்க்குப் பலியானதாக மட்டுமே நினைவுகூர்வது அதற்கும் அதில் உழைத்தவர்களுக்கும் செய்யும் அநீதி என்று கருதுவதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

டிரேட்விண்ட்ஸ் என்ற பெயரில் விடுமுறைப் பயணங்களை ஏற்பாடு செய்யும் நிறுவனமாக எழுபதுகளில் தொடங்கியதே இதன் வேர். 1989 பிப்ரவரியில் அது வாடகைக்கு எடுத்த எம்டி-87 விமானங்களுடன் கால அட்டவணைப்படி பறக்கத் தொடங்கி, சிங்கப்பூரின் இரண்டாவது விமான நிறுவனமானது. பட்டாயா, ஹாட்யாய், குவாந்தான் போன்ற விடுமுறைத் தலங்களே அன்று அதன் உலகம். 1992 ஏப்ரல் முதல் தேதி அதற்குச் சில்க்ஏர் என்று பெயர் மாறியது. யங்கோன், நோம்பென் போன்ற தலைநகரங்களுக்கும், நாளடைவில் மனாடோ, டாவாவ், கோயம்புத்தூர் என்று பெரிய விமானங்கள் எட்டிப் பார்க்காத ஊர்களுக்கும் அது பறந்தது. இருநூற்றைம்பது, முந்நூறு பேர் அமரும் விமானத்தை நாள்தோறும் நிரப்ப இத்தகைய ஊர்களால் முடியாது. அதில் பாதி இருக்கைகள் கொண்ட போயிங் 737 அல்லது ஏர்பஸ் 320 இருந்தால் அதே வழித்தடம் பிழைத்துக்கொள்ளும். துணை நிறுவனம் என்ற ஏற்பாட்டின் நியாயமே அதுதான்.

இந்த வரலாற்றில் 1997 டிசம்பர் 19ஆம் தேதியைத் தாண்டிச் செல்ல எனக்கு மனம் வரவில்லை. ஜகார்த்தாவிலிருந்து சிங்கப்பூருக்குப் புறப்பட்ட எம்ஐ185 என்ற சில்க்ஏர் விமானம், பலேம்பாங் அருகே மூசி ஆற்றில் விழுந்து 104 பேரும் மாண்டனர். அந்த விமானம் நிறுவனத்துக்கு வந்து பத்து மாதமே ஆகியிருந்தது. விபத்தின் காரணத்தை உறுதிப்படுத்த இயலவில்லை என்று இந்தோனேசிய விசாரணைக் குழு முடித்தது. வேண்டுமென்றே செய்யப்பட்ட செயலையே சான்றுகள் சுட்டுகின்றன என்று அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் கருதியது. இருவேறு முடிவுகளுக்கு நடுவே இத்தனை ஆண்டுகளைக் கழித்திருக்கும் குடும்பங்கள் இன்னும் இந்நகரில் இருக்கின்றன. சுவா சூ காங் இடுகாட்டில் உள்ள நினைவுச்சின்னத்தின் முன் ஒருமுறை நின்றவர்கள், இந்தப் பெயரைப் பழைய விளம்பரம்போல் மறந்துவிட மாட்டார்கள்.

என் சொந்த நினைவு கோயம்புத்தூர் விமானத்தோடு பிணைந்தது. அதற்கு முன்பெல்லாம் சென்னையில் இறங்கி, சென்ட்ரலுக்குப் போய், இரவு நீலகிரி விரைவு ரயிலைப் பிடித்து, விடியலில்தான் ஊர் சேர்வோம். முழங்கால் வலியோடு இருந்த என் தாயார் அந்தப் பயணத்துக்கு அஞ்சியே ஊருக்குப் போவதைத் தள்ளிப்போட்டு வந்தார். நேரடி விமானம் கிடைத்த பிறகு, சாங்கி விமான நிலையத்தில் சக்கர நாற்காலியில் ஏறியவரைச் சுமார் நான்கரை மணி நேரத்தில் கோவையில் என் மாமா கைப்பிடித்து இறக்கிக்கொண்டார். அன்றைய இருக்கைச் சீட்டு, சில்க்ஏரின் குறியீடான ‘எம்ஐ’ என்ற எழுத்துகள் மங்கிப்போய், அவருடைய காலாவதியான கடப்பிதழுக்குள் இன்றும் இருக்கிறது.

அப்படியானால் ஏன் இணைத்தார்கள்? லண்டனிலிருந்து சிங்கப்பூர் ஏர்லைன்ஸில் வந்த பயணி சாங்கியில் மாறி ஏறும்போது, இருக்கைக்கு இருக்கை திரையோ, வணிக வகுப்பில் முழுதாய்ச் சாயும் படுக்கையோ இல்லாத சிறிய விமானத்தைக் கண்டார். ஒரே பயணச்சீட்டில் இரண்டு தரம். மறுபுறம், உணவும் பெட்டிக் கட்டணமும் தனித்தனியே வசூலிக்கும் மலிவுக் கட்டண நிறுவனங்கள் வட்டாரச் சந்தையை நிரப்பின. இரண்டுக்கும் இடையில் நின்ற சில்க்ஏர் எந்தப் பக்கம் சாய்வது என்பதே கேள்வி. விடை அதை இரண்டாகப் பிரித்தது: புக்கெட், நோம்பென் போன்ற வழித்தடங்கள் தாய் நிறுவனத்துக்கு, கோயம்புத்தூர், திருவனந்தபுரம், விசாகப்பட்டினம் போன்றவை அதே குழுமத்தின் மலிவுக் கட்டண நிறுவனமான ஸ்கூட்டுக்கு. கோவைச் சேவை கைமாறியது 2019இல், அதாவது கிருமித்தொற்றுக்கு முன்னரே. அதே ஆண்டு மார்ச்சில் போயிங் 737 மேக்ஸ் ரக விமானங்கள் பறக்கத் தடை விதிக்கப்பட்டது இணைப்பு வேலையைச் சிக்கலாக்கியது. அடுத்த ஆண்டு கொவிட் வானத்தையே காலியாக்கியது. 2021 மார்ச்சில் சில்க்ஏரின் 737-800 விமானம் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் பெயரில் புக்கெட்டுக்குப் பறந்தபோது, நிறைவேறிக்கொண்டிருந்தது பழைய திட்டம்தான்.

ஹாங்காங்கில் கேத்தே பசிபிக்கின் துணை நிறுவனமான கேத்தே டிராகனுக்கு நேர்ந்ததோடு ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவாகும். 1985இல் டிராகன்ஏர் என்று தொடங்கிய அந்நிறுவனத்தை 2020 அக்டோபர் 21 அன்று மூடுவதாக அறிவித்தார்கள். அன்றே அதன் சேவை நின்றது. இங்கே விமானங்களும் வழித்தடங்களும் படிப்படியாகக் கைமாறின. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் குழுமத்தில் 2020இல் ஆட்குறைப்பு நடந்ததை நான் மறக்கவில்லை. எனினும் இந்த இணைப்பு திட்டமிட்டதாகவே இருந்தது, அதை நான் பாராட்டுகிறேன். ஆனால் திட்டமிட்ட இணைப்பில் ஒரு குறை உண்டு. இறுதி நாள் என்று எவரும் கூடி விடைகொடுக்காமல், பெயர் ஓசையின்றி மறைந்துவிடுகிறது.

ஆகவே என் வேண்டுகோள் இது. 1979 முதல் வாய்மொழி வரலாறுகளைச் சேகரித்து வரும் நம் வாய்மொழி வரலாற்று நிலையம், சில்க்ஏரில் பணியாற்றிய விமானிகள், பணிப்பெண்கள், பொறியாளர்கள், பெட்டி ஏற்றியவர்கள் ஆகியோரின் நினைவுகளைத் தனித் தொகுப்பாகப் பதிவுசெய்ய வேண்டும். எம்டி-87 காலத்தில் சேர்ந்தவர்கள் ஓய்வு வயதைக் கடந்துகொண்டிருக்கிறார்கள். எம்ஐ185 குடும்பங்களில் பேச விரும்புவோர் இருந்தால் அவர்களுக்கும் அதில் இடம் வேண்டும். தமிழ் ஊழியர்கள் தங்கள் அனுபவத்தைத் தமிழிலேயே சொல்ல முன்வந்தால், அதை நம் மொழியிலேயே பதிவுசெய்ய ஏற்பாடு செய்யுமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நீண்டகால வாசகர்,
சிங்கப்பூர்